தோல்வியும் தற்பரிவும்

சோதனைத் தாள் திரும்பக் கிடைக்கும் நாள். ஒரே வகுப்பில் பயிலும் இரண்டு மாணவர்கள் கணிதத்தில் 38 புள்ளிகளே பெற்றிருக்கின்றனர். ஒருவன் தாளை நான்காக மடித்துப் பைக்குள் திணித்துவிடுகிறான். "நான் முட்டாள், எனக்குக் கணக்கு வராது" என்று அவன் உள்ளம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இரவில் உறக்கம் வருவதில்லை. மறுவாரம் கணிதப் பாடவேளை நெருங்கும்போதே வயிறு கலங்குகிறது. மற்றவனுக்கும் வருத்தம் உண்டு. அவன் கண்களும் கலங்கவே செய்கின்றன. ஆயினும் சற்று நேரம் சென்றபின் அவன் தாளை விரித்துப் பார்க்கிறான். பின்னக் கணக்குகளிலேயே பெரும்பாலான புள்ளிகள் போயிருப்பதைக் கண்டுகொள்கிறான்.

இவ்விருவருக்கும் அறிவில் வேறுபாடு இல்லாமல் இருக்கலாம். தோற்ற வேளையில் ஒவ்வொருவனும் தன்னோடு எவ்வாறு பேசிக்கொள்கிறான் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. தன்னைத்தானே கடுமையாகக் கடிந்துகொள்பவனே திருந்துவான், முன்னேறுவான் என்ற எண்ணம் மக்களிடையே ஆழ வேரூன்றியுள்ளது. "அடியாத மாடு படியாது" என்னும் பழமொழியைப் பலர் பிறருக்குச் சொல்வதோடு நில்லாமல், தம் மனத்திற்கும் சொல்லிக்கொள்கின்றனர். அவ்வெண்ணம் சரிதானா என்பது ஆராயத்தக்கது. உளநூலார் இதனை ஆராய்ந்து கண்ட முடிவு பலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

சொல்லும் பொருளும்

துன்புறும் நண்பனிடம் ஒருவன் காட்டும் கனிவைத் தான் துன்புறும்போது தனக்கும் காட்டிக்கொள்வதே தற்பரிவு எனப்படும். தன்னிரக்கம் என்ற சொல்லும் வழக்கில் உண்டு. ஆனால் அச்சொல், "உலகத்தில் எனக்கு மட்டுமா இப்படி நேரவேண்டும்?" என்று ஒருவன் தன் துயரத்திலேயே மூழ்கிக் கிடப்பதைக் குறிப்பதாகவே பெரும்பாலோர் கொள்வர். தற்பரிவு அதனின்றும் முற்றும் மாறுபட்டது.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளநூல் அறிஞர் கிறிஸ்டின் நெஃப் 2003ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வரையறை அளித்தார். இதனை அளந்தறிய 26 கூற்றுகள் கொண்ட ஒரு வினாநிரலையும் அவர் அமைத்தார். அவர் கூறும் தற்பரிவுக்கு உறுப்புகள் மூன்று.

முதலாவது, தன்னிடம் கனிவு. பிழை நேர்ந்தபோது தன்னைத் தூற்றாமல், நல்ல ஆசிரியர் மாணவனிடம் பேசுவதுபோலத் தன்னிடம் பேசுவது.

இரண்டாவது, மானிடப் பொதுமை உணர்தல். தவறுதலும் தோற்றலும் மனிதராய்ப் பிறந்த எல்லாருக்கும் உள்ளவை. இத்துன்பத்தில் தான் தனியன் அல்லன் என்று உணர்வது. தன்னிரக்கமும் தற்பரிவும் பிரியும் இடம் இதுதான். முன்னது ஒருவனை மற்றவர்களிடமிருந்து பிரித்து மூலையில் அமர்த்துகிறது. பின்னது அவனை மற்றவர்களோடு சேர்த்து வைக்கிறது.

மூன்றாவது, விழிப்பு நிலை. வருத்தத்தை மறைக்காமலும் பெரிதாக்காமலும், "இப்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று உள்ளதை உள்ளவாறே காண்பது. நெஞ்சில் வலி இருப்பதையே ஒப்புக்கொள்ளாதவன் அதற்கு மருந்து தேடமாட்டான். வலியிலேயே மூழ்கியவனுக்கோ மருந்து கண்ணில் படாது.

அஞ்சும் உடலும் ஏசும் மனமும்

அச்சம் கொண்ட உடலில் நிகழும் மாற்றங்களை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆபத்தை எதிர்நோக்கும் விலங்கின் இரத்தத்தில் அட்ரினலின் என்னும் சுரப்பு கலக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. செரிமானம் தடைப்படுகிறது. தசைகளுக்கு மிகுதியான இரத்தம் பாய்கிறது. எதிர்த்துப் போரிடவோ தப்பி ஓடவோ உடல் இவ்வாறு ஆயத்தமாகிறது.

காட்டுப்பன்றி எதிரே வந்தால் இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். கணக்குத் தாளின் முன் இதனால் பயன் இல்லை. தாளோடு போரிடவும் முடியாது. தாளைவிட்டு ஓடவும் முடியாது. மேலும், மனம் ஒரே வேளையில் ஏந்தக்கூடிய செய்திகள் சிலவே. அந்தச் சிறிய இடத்தைக் கவலையே நிரப்பிவிட்டால் கணக்கைப் போடுவதற்கு இடம் ஏது? நன்றாகப் படித்த மாணவனும் சோதனை மண்டபத்தில் மறந்துபோய் விழிப்பதற்கு இது ஒரு காரணமாகும்.

தன்னைத்தானே ஏசிக்கொள்பவன் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தாக்குபவனும் அவனே, தாக்கப்படுபவனும் அவனே. வெளியே யாரும் மிரட்டாதபோதும் அவன் உடல் மிரண்டுபோகிறது. இங்கிலாந்தில் டெர்பி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளமருத்துவ அறிஞர் பால் கில்பர்ட் இதனைக் கூர்ந்து ஆராய்ந்தவர். மனச்சோர்வுற்ற நோயாளிகளுள் சிலர், "இந்தத் தோல்வியால் என் வாழ்வு முடிந்துவிடவில்லை" என்பன போன்ற அறிவுக்குப் பொருந்திய கூற்றுகளைச் சொல்லக் கற்றுக்கொண்ட பின்பும் நலம் பெறவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, அந்த நல்ல கூற்றுகளையும் அவர்கள் உள்ளுக்குள் கடுகடுத்த குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தது தெரியவந்தது. சொல் மாறியும் குரல் மாறவில்லை.

மனிதனிடம் மூன்று உணர்ச்சி அமைப்புகள் உள்ளன என்பது கில்பர்ட்டின் விளக்கம். ஆபத்தைக் கண்டு அஞ்சுவது ஒன்று. விரும்பியதை நாடி ஓடுவது மற்றொன்று. அன்பும் பாதுகாப்பும் கிடைக்கும்போது அமைதி அடைவது மூன்றாவது. அழுகின்ற குழந்தையைத் தாய் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுக்கும்போது வேலை செய்வது இந்த மூன்றாவது அமைப்பே. ஒருவன் தனக்குத்தானே கனிவாகப் பேசும்போதும் இவ்வமைப்பு விழித்தெழும் என்பதும், அது எழுந்தால் அச்சம் தணியும் என்பதும் அவருடைய கொள்கை. இக்கொள்கையை அடிப்படையாகக் கொண்டு அவர் ஒரு சிகிச்சை முறையையும் வகுத்தார்.

தன்மதிப்பு போதாதா?

"பிள்ளைக்குத் தன்மதிப்பை ஊட்டினால் போதாதா? நீ கெட்டிக்காரன் என்று சொன்னால் ஊக்கம் பிறக்காதா?" என்று சிலர் கேட்பர். இக்கேள்வியைக் கலிபோர்னியா மாநிலம் ஒரு காலத்தில் பெரிய அளவில் எழுப்பியது. தன்மதிப்பை வளர்ப்பதற்கென்றே அம்மாநில அரசு 1986இல் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் அறிக்கை 1990இல் வெளியாயிற்று. பின்னர் ராய் பாமைஸ்டரும் மற்றும் மூவரும் அதுவரை நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து மதிப்பிட்டு 2003இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். தன்மதிப்பை உயர்த்தினால் கல்வித் தேர்ச்சி உயரும் என்பதற்குச் சான்று இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. நன்றாகப் படிப்பதன் விளைவாகத் தன்மதிப்பு ஓரளவு உயர்வதையே அவர்கள் கண்டனர்.

காரணம் காண்பது கடினமன்று. "நான் கெட்டிக்காரன்" என்ற எண்ணம் வெற்றி கிடைக்கும்வரை நிற்கும். தோல்வி வந்த அன்றே அது சரிந்துவிடும். துணை மிகுதியும் தேவைப்படும் நாளில் அது கைவிட்டுப் போகிறது. தற்பரிவோ வெற்றியை நம்பி நிற்பதில்லை. கெட்டிக்காரன் என்ற பெயரையும் அது கேட்பதில்லை. மனிதனாக இருப்பதே அதற்குப் போதிய தகுதி.

ஆராய்ச்சியில் கண்டவை

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியானா பிரெய்ன்ஸ், செரினா சென் ஆகிய இருவரும் 2012இல் சில ஆராய்ச்சிகளின் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்திருக்கவேண்டியது. மாணவர்களுக்குக் கடினமான சொற்பொருள் தேர்வு ஒன்று கொடுக்கப்பட்டது. தேர்வு முடிந்ததும் அவர்கள் மூன்று பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினரிடம், இத்தேர்வு பலருக்கும் கடினமாகவே இருக்கிறது, ஆதலால் தங்களைக் கடிந்துகொள்ள வேண்டா என்ற கருத்து தெரிவிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினரிடம், இப்பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றவர்கள் அறிவாளிகளாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர்களுடைய தன்மதிப்பை உயர்த்தும் சொல் கூறப்பட்டது. மூன்றாம் பிரிவினரிடம் எதுவும் கூறப்படவில்லை. அதன்பின், மறுதேர்வுக்குப் படிப்பதற்கு எல்லாருக்கும் வாய்ப்பளிக்கப்பட்டது. எவ்வளவு நேரம் படிப்பது என்பது அவரவர் விருப்பம்.

மற்ற இரு பிரிவினரையும்விட நீண்ட நேரம் படித்தவர்கள் முதற் பிரிவினரே. தங்களைக் கடிந்துகொள்ள வேண்டா என்று கேட்டவர்கள் சோம்பி உட்காரவில்லை, மேலும் உழைத்தனர்.

கனடாவில் கார்ல்ட்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் வோல், திமதி பிச்சில், ஷானன் பென்னட் ஆகிய மூவர் 2010இல் வெளியிட்ட ஆய்வும் இத்தகையதே. முதலாண்டு மாணவர் 119 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். முதல் தேர்வுக்குப் படிக்காமல் நாளை நாளை என்று தள்ளிப்போட்டவர்களுள், அத்தவற்றுக்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வின்போது குறைவாகவே தள்ளிப்போட்டனர். மனக்கசப்பு குறைந்ததே இதற்கு வழி செய்தது. குற்றவுணர்வு மிகுந்தவனுக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே வேதனை. வேதனையிலிருந்து தப்பும்பொருட்டு அவன் மீண்டும் புத்தகத்தை மூடிவிடுகிறான். கசப்பு நீங்கியவனுக்கு அதனைத் திறக்க அச்சமில்லை.

சோம்பலுக்கு வழியாகாதா?

தன்னிடம் பரிவு காட்டினால் தவறு செய்ய அஞ்சாத மனம் வந்துவிடாதா என்பது நியாயமான ஐயமே. இதற்குப் பால்மரத்திலிருந்து ஓர் உவமை காட்டலாம். பட்டையைச் சீவாமல் பால் வராது. ஆனால் கத்தி ஆழமாக இறங்கி, பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள மெல்லிய வளர்படலத்தைக் காயப்படுத்திவிட்டால், அவ்விடத்தில் புதுப்பட்டை சீராக வளராது, முடிச்சுமுடிச்சாகப் புடைத்துக்கொள்ளும். பிறகு அங்கே மீண்டும் வெட்டுவது கடினம். தேர்ந்த தொழிலாளியின் திறமை, எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அறிந்திருப்பதில் உள்ளது.

"பின்னக் கணக்கில் பிழை விட்டேன்; அதைத் திருத்தவேண்டும்" என்பது பட்டையளவில் நின்ற வெட்டு. அதிலிருந்து பால் வரும். "நான் எதற்கும் உதவாதவன்" என்பது கட்டையில் பாய்ந்த கத்தி. அதனால் காயம் மிஞ்சுமேயன்றி வேறு பயன் இல்லை. தற்பரிவு கத்தியை எறிந்துவிடச் சொல்லவில்லை. ஆழம் அறிந்து பிடிக்கச் சொல்கிறது.

உண்மையான அன்பு பொறுப்பை விலக்குவதில்லை என்பதை வள்ளுவரும் உணர்த்தியுள்ளார். தீவினையச்சம் என்னும் அதிகாரத்தில், தன்மேல் அன்புடையவன் தீமையின் பக்கம் நெருங்கலாகாது என்ற கருத்தை அவர் வைத்துள்ளார். தன்னை விரும்புவதையே நன்னடத்தைக்குக் காரணமாக அவர் காட்டியிருப்பது எண்ணத்தக்கது.

கீழ்த்திசையில் இக்கருத்து

நெஃப் அம்மையாருக்கு இவ்வாராய்ச்சியில் நாட்டம் பிறந்தது பௌத்தத் தியான முறைகளைப் பயின்றதனால். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரத்தில் இருந்து விசுத்திமக்கம் என்னும் பாலி நூலை இயற்றிய புத்தகோசர், எல்லா உயிரிடத்தும் அன்பு செலுத்தும் தியானத்தை முதலில் தன்னிடமிருந்தே தொடங்குமாறு வகுத்துள்ளார். தான் இன்பத்தை விரும்புவது போலவும் துன்பத்தை அஞ்சுவது போலவுமே பிற உயிர்களும் என்று தன்னைச் சான்றாக வைத்து உணர்வதற்கே இம்முறை. இவர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை இவருடைய உரைநூல் ஒன்றின் இறுதிக் குறிப்பு தெரிவிக்கிறது. ஆதலின் தமிழகத்தோடும் தொடர்புடையவர் இவர்.

இக்காலத்து ஆசிய நாடுகளில் நிலைமை ஒரே மாதிரியாக இல்லை. நெஃப்பும் அவருடைய துணையாய்வாளர்களும் தாய்லாந்து, தைவான், அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டு மாணவர்களை ஒப்பிட்டு 2008இல் வெளியிட்ட ஆய்வில், தற்பரிவு தாய்லாந்தில் மிகுந்தும் தைவானில் குறைந்தும் காணப்பட்டது. அமெரிக்கா இடையில் நின்றது. தாய்லாந்தில் பௌத்தம் அன்றாட வாழ்வில் கலந்திருப்பதும், தைவானில் தன்னைக் குறைகூறித் திருத்திக்கொள்ளும் கன்பூசிய மரபு வலிமையாக இருப்பதும் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. எனினும் மூன்று நாடுகளிலும் தற்பரிவு மிகுந்தவர்களிடம் மனச்சோர்வு குறைந்தே இருந்தது.

சிங்கப்பூரைப் பற்றிய ஒரு கணக்கும் நினைவுகூரத்தக்கது. பதினைந்து வயது மாணவர்களிடையே பல நாடுகளில் 2015இல் நடந்த பிசா ஆய்வில், நன்றாக ஆயத்தம் செய்திருந்தாலும் தேர்வு என்றால் மிகவும் பதற்றம் அடைவதாகக் கூறியவர்கள் சிங்கப்பூரில் 76 விழுக்காட்டினர். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பைச் சேர்ந்த நாடுகளின் சராசரி 55 விழுக்காடு. படிப்பில் உலகின் முதல் வரிசையில் நின்ற மாணவர்களே அச்சத்திலும் முன்னே நின்றனர்.

தேர்வுச் சுமையைக் குறைக்க அரசுகள் முயலாமல் இல்லை. மலேசியாவில் 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். சோதனை 2021இல் நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி வகுப்புகளின் அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் நீக்கப்பட்டன. இவை வெளியே செய்யப்பட்ட மாற்றங்கள். உள்ளே அமர்ந்து ஒவ்வொரு நாளும் புள்ளியிட்டுக்கொண்டிருக்கும் தேர்வாளனை எந்த அரசாணையாலும் நீக்க இயலாது. அவனுடைய குரலை மாற்றுவது அவரவர் பயிற்சியால் ஆகவேண்டியது.

பழகும் முறை

இப்பயிற்சி எளியதே. மனம் பதறும் வேளையில் சற்று நின்று, மூச்சை மெதுவாக விட்டு, மூன்று செய்திகளைத் தனக்குச் சொல்லிக்கொள்ளலாம். "இப்போது எனக்குத் துன்பமாக இருக்கிறது" என்பது முதலாவது. "இத்தகைய துன்பம் எல்லாருக்கும் வருவதே" என்பது இரண்டாவது. "இவ்வேளையில் என்னிடம் நானே கனிவாக இருப்பேன்" என்பது மூன்றாவது. நெஞ்சில் கையை வைத்துக்கொள்வது சிலருக்கு ஆறுதல் தரும்.

வேறொரு முறையும் உண்டு. தனக்கு நேர்ந்ததே தன் உற்ற நண்பனுக்கு நேர்ந்ததாக எண்ணி, அவனுக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம். "முட்டாளே" என்று யாரும் கடிதத்தைத் தொடங்கமாட்டார்கள். "போகட்டும், எந்த இடத்தில் தவறினாய் என்று பார்ப்போம் வா" என்றே எழுதுவர். எழுதி முடித்தபின் அக்கடிதத்தைத் தனக்கு வந்ததாகக் கொண்டு படிக்கவேண்டும். நண்பனுக்குக் கூறிய சொல் தனக்கு மட்டும் ஏன் ஆகாது என்ற கேள்வி தானே எழும்.

நெஃப்பும் கிறிஸ்டோபர் ஜெர்மர் என்னும் உளமருத்துவ அறிஞரும் இத்தகைய பயிற்சிகளை எட்டு வாரப் பாடத்திட்டமாக அமைத்தனர். ஐம்பதுக்குச் சற்று மேற்பட்டோரை இரு பிரிவாக்கிச் செய்த ஆராய்ச்சி 2013இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற பிரிவினரிடம் மன அழுத்தமும் கவலையும் சோர்வும் குறைந்தன. அப்பயன் ஓராண்டு கழிந்தும் நீடித்தது.

வரம்பு அறிதல்

எந்த மருந்துக்கும் அளவு உண்டு. இத்துறையின் ஆராய்ச்சிகளுள் பல, மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே நிரப்பித் தரும் வினாநிரல்களை நம்பி நிற்பவை. தற்பரிவால் கவலை குறைகிறதா, கவலை குறைந்தவர்களுக்குத் தற்பரிவு எளிதாகிறதா என்பதை அவற்றால் மட்டும் முடிவு செய்ய இயலாது. மேலும், இளமையில் அன்பின்றி வளர்ந்தவர்கள் தங்களிடம் கனிவு காட்டத் தொடங்கும்போது, தொடக்கத்தில் பழைய வேதனைகள் பொங்கி எழுவதும் உண்டு. அத்தகையோர் சிறுகச் சிறுகப் பழகவேண்டும். பல வாரங்களாக உறக்கமின்றி, உணவின்றி, வாழ்வில் நாட்டமின்றி இருப்பவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை. அவ்வாறு செல்வதும் தற்பரிவே ஆகும். கால் முறிந்தவன் வைத்தியரை நாடுவதில் யாரும் இழிவு காண்பதில்லை. மனம் நொந்தவன் நாடுவதிலும் இழிவு இல்லை.

பிள்ளை கேட்கும் குரல்

சிறு பிள்ளை தன்னோடு பேசிக்கொள்ளும் மொழியைத் தானாகப் படைத்துக்கொள்வதில்லை. தாய் தந்தையரும் ஆசிரியரும் அவனிடம் பேசும் மொழியே நாளடைவில் அவன் உள்ளத்தின் மொழியாகிவிடுகிறது. "உனக்கு ஏன் வராது?" என்று பத்து முறை கேட்டவன், பதினோராம் முறை யாரும் சொல்லாமலே "எனக்கு வராது" என்று சொல்லிக்கொள்கிறான். பெற்றோர் தம் தவறுகளை எவ்வாறு ஏற்கிறார்கள் என்பதையும் அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். சோற்றைக் குழையவிட்ட தாய் தலையில் அடித்துக்கொள்வதையும், சிரித்து "நாளைக்குத் தண்ணீரைக் குறைத்து வைக்கிறேன்" என்பதையும் அவன் பாடமாகவே கொள்கிறான்.

தாளை நான்காக மடித்துப் பைக்குள் திணித்த மாணவன் மாலையில் வீடு திரும்புவான். தாள் இருப்பதைத் தந்தை அறிந்துகொள்வார். அவர் முதலில் சொல்லும் சொல் எதுவோ, அதனையே அப்பிள்ளை பல ஆண்டுகள் தனக்குச் சொல்லிக்கொள்ளக்கூடும். "வருத்தமாகத்தான் இருக்கும், ஐயா, உட்கார். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் தாளைப் பார்ப்போம்" என்று அவர் கூறினால், மடிப்பு விரியும். பிழை எங்கே என்பதும் தெரியவரும்.